ஓடைக்கரையில் மாமாவின் பெயர்

எந்த இடத்துக்கும் போகாமல் நடப்பதை ஒரு வேலையாகவே செய்கிற சனங்கள் ஜேர்மன்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மழையோ பனியோ, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளிக்கிடுவார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் சும்மா என்பார்கள். சும்மா நடக்கவா இவ்வளவு உடுப்பு என்று எத்தனையோ வருசம் நான் சிரித்திருக்கிறேன். எனக்கு நடப்பதென்றால் கடைக்கு நடப்பது, கோயிலுக்கு நடப்பது, ட்ராமைப் பிடிக்க ஓடுவது. கால் எதற்கு இருக்கிறது, ஓர் இடத்துக்குப் போய்ச் சேரத்தானே.

பிறகு என் கணவருக்கு மறதி நோய் என்று சொன்னார்கள். நரம்பு வைத்தியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நன்றாக நடவுங்கள், மரமும் தண்ணீரும் உள்ள இடமாக இருந்தால் இன்னும் நல்லது, மருந்தைவிட அதுதான் உதவும் என்றார். மருந்து இல்லை என்பதைத்தான் அந்த மனுசன் அவ்வளவு பண்பாகச் சொன்னார் என்பது வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. கஞ்சியோடு பாதிச் சோறும் தொட்டிக்குள் போனது. இவர் பின்னால் வந்து நின்று, "என்ன, கை சுட்டுப்போட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அப்படித்தான் நாங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா நடக்கிற சனங்களானோம்.

டோர்ட்மண்டில் எங்கள் ட்ராம் முடிகிற இடத்துக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. நாங்கள் வந்த புதிதில் அது ஓடையே இல்லை. கொங்கிறீற் போட்ட கால்வாய். ஊர்க் கழிவெல்லாம் அதில்தான் ஓடியது, இரண்டு பக்கமும் கம்பி வேலி. கோடையில் ட்ராமின் கதவு திறந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துவோம். பிறகு கழிவைக் குழாய் போட்டு நிலத்துக்குக் கீழே அனுப்பிவிட்டு, கொங்கிறீற்றை உடைத்து, தண்ணீரை அதன் பாட்டுக்கு வளைந்து போக விட்டார்கள். இப்போது கரை முழுக்க மரங்களும் முட்பற்றைகளும் நாணலும்தான். ஒரு பக்கம் வீடுகளின் பின்தோட்டங்கள், மறுபக்கம் பெருந்தெருவின் இரைச்சல், நடுவில் இந்தக் காடு. கரையோடு நெடுக நடந்தால் ஒரு குளம் வரும். குளத்தடியில் ஒரு பெட்டிக்கடையில் கோப்பி விற்பார்கள். வாயில் வைக்க ஏலாத கோப்பி. அதனால் நான் சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சி போட்ட தேத்தண்ணீர் கொண்டுபோவேன்.

இவருக்கு அந்த ஓடை பிடித்துக்கொண்டது. எத்தனையோ விசயம் கைநழுவிப் போன பிறகும் அந்தப் பாதை மறக்கவில்லை. முன்னால் விறுவிறென்று நடப்பார், கொஞ்சம் போய் நின்று திரும்பி, "இஞ்சேரும், கெதியா வாரும்" என்பார். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்ததும் திரும்ப நடப்பார். கலியாணம் கட்டிய நாள் முதல் எங்கள் நடை இதுதான். முன்னுக்குப் போய் அங்கே என்னத்தை அள்ளப்போகிறீர்கள் என்று எத்தனை முறை ஏசியிருப்பேன். அந்த "இஞ்சேரும்" என்ற சொல் மட்டும் எனக்குப் போதும் என்று அப்போது தெரியவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது ஒருவருக்கும் விளங்காது. பெயர்களைச் சொல்லாமலே சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போடுவோம், அவ்வளவுதான். இவர் அகதியாக இங்கே வந்து இறங்கியபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தகப்பனின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அன்று முதல் இந்த நாட்டில் இவர் தன் தகப்பனாகிவிட்டார். தொழிற்சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் அரசாங்கக் கந்தோரிலும் 'ஹெர்', அதாவது திருவாளர், என்று தொடங்கி அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். கட்டிக்கொண்டு வந்த பாவத்துக்கு நானும் அதே பெயருக்கு 'ஃபிராவ்' ஆனேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்ணாலும் கண்டிராத மாமாவுக்கு நான் திருமதி. நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் முதலில் வெட்கத்தில் செத்தேன். பிறகு பழகிவிட்டது. இங்கே எங்கள் பெண்களில் பாதிப் பேர் மாமனார்களின் பெயரில்தான் சம்பளம் எடுக்கிறோம். கோயிலில் சந்திக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

இவருடைய சொந்தப் பெயரை நான் சொல்வதில்லை. புருசனின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லித் தந்தது. நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பேன். அப்போ சொல்லு பார்ப்போம் என்றால் அதுவும் இல்லை என்பேன். கந்தோரில் கேட்டால் அடையாள அட்டையை நீட்டுவேன். வைத்தியரிடம் 'என் கணவர்' என்பேன். வீட்டில் "இஞ்சாருங்கோ". கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்கும்போது வீட்டில் உள்ள எல்லோருடையதையும் சொல்லிக்கொண்டு வந்து இவரிடம் வந்ததும் நிறுத்துவேன். ஐயர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே சொல்லிக்கொள்வார். ஹம்பேர்க்கில் இருக்கும் மகளுக்கு இது பெரிய பகிடி.

"அம்மா, அப்பாக்கு ஒரு பேர் இருக்கு, தெரியுமோ? நல்ல பேர்."

"தெரியும், நீ சொல்லு. அதுக்குத்தானே உன்னைப் பெத்தனான்."

அந்த வருசம் குளிர் மாரி தொடங்கும்போது ஒரு நாள், டெர்மின் என்று இங்கே சொல்கிற குறித்த நேரத்துக்குப் போய், வைத்தியரின் காத்திருக்கும் அறையில் இருந்தோம். தாதி வந்து 'ஹெர்' என்று குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இவர் அசையவில்லை.

"இஞ்சாருங்கோ, கூப்பிடினம், எழும்புங்கோ."

"என்னை இல்லை. அப்பாவைக் கூப்பிடினம்," என்றார் இவர்.

"அப்பாவுக்கு இஞ்சை என்ன டெர்மின்?" என்று நான் சிரித்தேன். இவரும் சிரித்தார். அன்றிரவு ரெலிபோனில் மகளிடம் அதை ஒரு பகிடியாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்த கடைசிப் பகிடி அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல நாளாகத்தான் தொடங்கியது. முதல் நாள் பெய்த பனி இறுகிப்போய், காலை வைத்தால் நொறுக் நொறுக்கென்றது. ஓடையின் ஓரமெல்லாம் ஐஸ் பிடித்து, நடுவில் மட்டும் தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இவர் தன் சப்பாத்தின் நாடாவைத் தானே கட்டினார். மகள் வாங்கித் தந்த மண்ணிறக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, "தோட்டக்காரன் மாதிரி இருக்கிறன்" என்றார். வழியில் கை வியர்க்கிறது என்று கையுறைகளைக் கழற்றி என்னிடம் தந்தார். பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து இவருடைய ரெலிபோனும் என் கைப்பையில்தான். அன்று இவருக்குச் சொந்தமானது எல்லாம் என் பைக்குள்தான் இருந்தது.

இரண்டாவது பாலம் தாண்டியதும் பாதையின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. சிவப்பு வெள்ளை நாடா கட்டி வழியை மறித்திருந்தார்கள். ஒரு வயதான ஜேர்மன் பெண் கறுப்பு நாயோடு எதிரே வந்தாள். குளத்துக்கு வேறு வழி உண்டா என்று கேட்டேன். ஜேர்மன்காரரிடம் வழி கேட்டால் வழி மட்டும் கிடைக்காது. எந்தக் காற்றுக்கு மரம் விழுந்தது, நகரசபை ஏன் இன்னும் வெட்டவில்லை, மேல் பாதையில் எங்கே வழுக்கும் என்று எல்லாம் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். இவர் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. வழக்கம்போல முன்னுக்கு ஓடிவிட்டார் என்று நினைத்தேன். மேல் பாதையில் ஏறிப் பார்த்தேன். நேர்ப் பாதை, கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் பனி. திரும்பி இறங்கிப் பாலத்தடிக்கு வந்தேன். அங்கேயும் இல்லை. பாதையில் காலடிகளைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுக்க அதில் நடந்திருக்கிறது. எது என் புருசனின் கால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டேன். முதலில் மெதுவாக, ஆட்கள் பார்ப்பார்களே என்று. பிறகு சத்தமாக. பிறகு ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று. "இஞ்சாருங்கோ! எங்கை நிக்கிறியள்? இஞ்சாருங்கோ!"

காகங்கள் எழும்பிப் பறந்தன. வேறொன்றும் இல்லை.

இந்த ஊரில் மாரிக்காலத்தில் நாலு மணிக்கே வெளிச்சம் போய்விடும். ஏற்கெனவே மரங்களுக்கிடையில் நிறம் மங்கத் தொடங்கியிருந்தது. நான் கரையோரமாக ஓடினேன். என் வயதில், என் முழங்காலில், அந்த ஐஸில் ஓடினேன். ஒவ்வொரு வளைவிலும் முதலில் தண்ணீரைத்தான் பார்த்தேன். மண்ணிறமாக எது தெரிந்தாலும் நின்று உற்றுப் பார்த்தேன். ஒரு வாடிய இலைக்குவியல். ஒரு பழைய பை. பாதி மூழ்கிய மரக்கட்டை ஒன்று தொப்பி போலவே இருந்தது, அதற்காகக் கரையில் இறங்கி முழங்கால்வரை நனைந்தேன். முருகா, முருகா என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்ற சொல்லை நான் அதற்கு முதல் சும்மா பாவித்திருக்கிறேன். இந்தக் குளிரில் கையுறை இல்லாமல், போன் இல்லாமல், வீட்டு விலாசம் தெரியாமல் ஒரு மனுசன் எவ்வளவு நேரம் தாங்குவார்? முதியோர் இல்லத்தில் ஒரு மாரியில் ஒருவர் நழுவிப்போனார். காலையில் தோட்டத்தில் ஆட்கள் இருக்கும் வாங்குப் பலகைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தோம். அவருடைய முகம் எனக்குத் தெரியும். அந்த முகத்தில் இவருடைய முகம் வந்து வந்து ஒட்டிக்கொண்டது.

நாய்க்காரப் பெண் என் பின்னால் வந்திருந்தாள். நான் போனை எடுத்தேன், விரல்கள் விறைத்து எண்ணை அழுத்த முடியவில்லை. அவள் தன் போனில் பொலிசைக் கூப்பிட்டாள். மற்றக் கரையையும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, நாயோடு பாலத்தைக் கடந்து போனாள். சும்மா நடக்க வந்த ஒரு மனுசி. அன்று முதல் நான் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

பொலிஸ் வந்தது. இரண்டு பேர், ஓர் உயரமான ஆணும் ஓர் இளம் பெண்ணும். அம்புலன்சும் வருகிறது என்றார்கள். என்ன உடுப்பு, என்ன நோய், நீந்துவாரா என்று கேட்டார்கள். பெயர் கேட்டபோது நான் பழக்கத்தில் பைக்குள் கையை விட்டு இவருடைய அட்டையை எடுத்து நீட்டினேன். ஆண் பொலிஸ்காரர் டோர்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, கைகளை வாயில் குவித்து, காட்டை நோக்கிப் பெருங்குரலில் கூப்பிட்டார். ஹெர் என்று தொடங்கி, என் மாமாவின் பெயரை.

அந்தப் பெண்ணும் சேர்ந்து கூப்பிட்டாள். மற்றக் கரையில் இருந்து நாய்க்காரப் பெண்ணும் அதைக் கேட்டுத் தானும் கூப்பிட்டாள். பாதையில் வந்த ஆட்களும் விசயத்தைக் கேட்டுத் தங்கள் பங்குக்குக் கூப்பிட்டார்கள். வாய்க்குள் நுழையாத அந்தப் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நெரித்துக் கூவ, டோர்ச் வெளிச்சம் மரங்களுக்கிடையில் அங்குமிங்கும் அலைந்தது. இவ்வளவு பேர் தேடுகிறார்கள், கிடைத்துவிடுவார் என்று எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சத்தம் ஓடை நெடுகப் போய்த் திரும்பி வந்தது.

அப்போது மற்றக் கரையில் இருந்து அவள் கத்தினாள். கண்டேன், கண்டேன் என்றாள். நாங்கள் பாலத்தைக் கடந்து ஓடினோம். அவள் மூச்சிரைக்கக் கையைக் காட்டினாள். தண்ணீருக்குப் பக்கத்தில் நாணலும் முட்பற்றையும் அடர்ந்த ஓர் இடம். அங்கே ஓர் ஆள் நின்றார், மண்ணிறத் தொப்பி, நீங்கள் கூப்பிட்ட சத்தம் கேட்டதும் என்னைப் பார்க்காமல் பற்றைக்குள் போனார் என்றாள்.

"விழுந்துவிட்டாரா?" என்று பொலிஸ் பெண் கேட்டாள்.

"இல்லை. விழவில்லை," என்றாள் அவள். "படுத்தார்."

படுத்தார் என்று அவள் சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கலியாணம் கட்டி வந்த முதல் வருசம், அகதிகள் விடுதியின் ஒற்றை அறையில், இவர் எனக்கு அதை ஒரேயொரு முறை சொன்னார். ஊரில் ஒரு விடிகாலை இராணுவம் சுற்றிவளைத்தது. படலையடியில் நின்று தகப்பனின் பெயரைக் கூப்பிட்டார்கள். வாய்க்குள் நுழையாமல், நெரித்து. தகப்பன் இவரைப் பின்வேலியால் தள்ளிவிட்டார். இவர் பற்றைக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, டோர்ச் வெளிச்சம் தலைக்கு மேலே போய் வருவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். திரும்பத் திரும்ப அந்தப் பெயர். கடைசியில் தகப்பன், நான்தான் என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். போனவர் வரவில்லை. அவர்கள் போன பிறகும் இவர் பகல் முழுக்க அசையாமல் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறார். பொழுதுபடும்போது பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி வந்து, பற்றையோரம் நின்று, இவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். அதற்குப் பிறகுதான் இவர் எழும்பி வந்தாராம். சொல்லி முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கதை எங்கள் வீட்டில் வரவில்லை.

இப்போது சீருடை போட்டவர்கள் டோர்ச் பிடித்துக்கொண்டு, பற்றையைச் சுற்றி நின்று, அதே பெயரைக் கூவுகிறார்கள். நான்தான் அவர்களிடம் அந்தப் பெயரை நீட்டியிருக்கிறேன்.

"நிறுத்துங்கள்," என்று கத்தினேன். "கூப்பிட வேண்டாம்! விளக்கை அணையுங்கள்!"

ஆண் பொலிஸ்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார். பதற்றத்தில் இருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். கூப்பிட்டால்தான் அவருக்கு நாங்கள் இருப்பது தெரியும், குளிரில் ஒவ்வொரு நிமிசமும் முக்கியம் என்று பொறுமையாக விளக்கினார். உள்ளே போய்த் தூக்கிவிடலாம் என்று ஒரு காலைப் பற்றைக்குள் வைத்தார். நாணல் சலசலத்தது. உள்ளே எதுவோ இன்னும் கீழே, தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தது. ஐஸ் முறியும் சத்தம் கேட்டது.

எனக்கு ஜேர்மன் நல்லாய்த் தெரியும். ஆனால் அந்த நேரம் ஒரு வசனமும் வரவில்லை. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். போர் என்றேன். இராணுவம் என்றேன். அது அவர் தகப்பனின் பெயர், கொண்டுபோனார்கள், கூப்பிட்டுக் கொண்டுபோனார்கள் என்றேன். அவர் அட்டையைத் திரும்பப் பார்த்தார். அந்த இளம் பெண்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். தன் டோர்ச்சை அணைத்தாள். அவருடைய கையில் இருந்ததையும் வாங்கி அணைத்தாள். பாதையில் நின்ற ஆட்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். காடு சட்டென்று அமைதியானது. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்கள் கூப்பிடுங்கள்," என்று என் காதருகில் சொன்னாள். "அவருடைய பெயரைச் சொல்லி."

நான் பற்றையடிக்குப் போனேன். "இஞ்சாருங்கோ," என்றேன். அசைவில்லை. "இஞ்சாருங்கோ, நான்தான். வாங்கோ, தேத்தண்ணி ஆறுது." அசைவில்லை. அந்தச் சொல் அவருக்கு எட்டவில்லை. அந்தப் பற்றைக்குள் கிடந்த பெடியனுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. இஞ்சாருங்கோ என்று அவனைக் கூப்பிட உலகத்தில் ஒருத்தியும் பிறந்திருக்கவில்லை.

பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு எழும்பவில்லை. உங்களுக்கு இது பைத்தியமாகத் தெரியும். அங்கே உயிர் போகிறது, இங்கே ஒருத்தி பெயரைச் சொல்லத் தயங்குகிறாள் என்று. ஆயுள் குறையும், ஆயுள் குறையும் என்று அம்மாவின் குரல் தலைக்குள் கேட்டது. சொன்னால் குறையுமாம். சொல்லாவிட்டால் இன்றைக்கே முடியும். எனக்கு அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன்.

முதலில் மூச்சு மாதிரித்தான் வந்தது. இரண்டாவது முறை குரல் வந்தது. மூன்றாவது முறை, ஒரு குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல, நீட்டி, முழுதாக, அந்த நல்ல பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் வாயில் அது எப்படி இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நாணல் அசைந்தது. முதலில் ஒரு கை வந்தது, மண்ணும் ஐஸும் ஒட்டிய வெறுங்கை. பிறகு தலை. தொப்பி போயிருந்தது. இவர் முழங்காலில் ஊர்ந்து வெளியே வந்தார். கன்னத்தில் முள் கீறி இரத்தம் வடிந்தது, இடுப்புக்குக் கீழே முழுக்க ஈரம். பல்லுகள் அடித்துக்கொண்டன. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், மரங்களுக்கிடையில் பார்த்தார். பிறகு மெதுவாக, மரியாதையாகக் கேட்டார்.

"அக்கா, அவங்கள் போயிட்டாங்களோ?"

இவ்வளவு காலத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களும் அம்மா என்கிறவளும் ஃபிராவ் என்கிறவர்களும் இருந்திருக்கிறார்கள். இஞ்சேரும் என்று கூப்பிட இந்த ஒரு ஆள்தான். நான் அந்த ஆளின் இரண்டு கையையும் என் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டு நின்றேன். சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் திரும்ப உள்ளே போய்விடுவார்.

"ஓம் தம்பி," என்றேன். "போயிட்டாங்கள். வா."

"அப்பா?"

"அப்பா வீட்டிலை நிக்கிறார்."

அவர் நம்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பைக்குள் இருந்து கையுறைகளை எடுத்து ஒவ்வொரு விரலாக மாட்டிவிட்டேன். போத்தலைத் திறந்து தேத்தண்ணீர் கொடுத்தேன், பாதி நாடியில் வழிந்தது. பிறகு பாதைக்கு நடந்தோம். வழக்கமாக முன்னால் ஓடுகிறவர் அன்று என் பின்னால், என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, நான் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வந்தார். நான் ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன், அழுதால் இவர் பயப்படுவார்.

அம்புலன்சில் ஏற்றி, ஈர உடுப்பைக் கழற்றி, தங்க நிறத் தாளால் சுற்றிப் படுக்க வைத்தார்கள். இளம் பொலிஸ் பெண் அவர்களிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், ஒருவரும் ஹெர் என்று கூப்பிடவில்லை. அங்கிருந்தவர் குனிந்து என்னிடம் கேட்டார், நீங்கள் இவருடைய மனைவியா என்று.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜேர்மன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது இவருக்குள் என்று எனக்குத் தெரியாது. நான் குரலைத் தாழ்த்தி, யாருக்கோ இரகசியம் சொல்வது போல, ஆம் என்றேன்.

"அக்கா, என்ன கேக்கினம்?" என்றார் இவர்.

"ஒண்டுமில்லைத் தம்பி," என்றேன். "நீ படு."